கதைசொல்லியே சான்றாகும் வாழ்க்கை: ஜே. எம். பேரியின் வரலாறும் 'பீட்டர் பான்' பனுவலாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

ஸ்காட்லாந்தில் பிறந்து இலண்டனில் புகழ்பெற்ற நாடகாசிரியரும் சிறுவர் மிகுகற்பனை இலக்கியப் படைப்பாளருமான ஜேம்ஸ் மேத்யூ பேரியின் (1860 – 1937) வாழ்வையும், 'பீட்டர் பான்' பனுவல் உருவான முறையையும் இக்கட்டுரை இணைத்து ஆராய்கிறது. பேரியின் இளமைக்காலம் பற்றிய சான்றுகளுள் முதன்மையானவை அவரே எழுதியவை. அவற்றை வரலாறாகக் கொள்வதா, புனைவாகக் கொள்வதா என்பது அவரது வாழ்க்கையை எழுதுவோர் அனைவரும் எதிர்கொள்ளும் சிக்கலாகும். தாயைப் பற்றிய நூல், பீட்டர் பான் கதையின் பல வடிவங்கள், சில்வியா லெவெலின் டேவிஸின் விருப்பக் குறிப்பில் நேர்ந்த பெயர் மாற்றம், மருத்துவமனைக்கு வழங்கிய உரிமைக்கொடை ஆகியவற்றின் வழி இச்சிக்கல் இங்கு விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சிறுவர் இலக்கியம், மிகுகற்பனை, நாடகப் பனுவல், வாழ்க்கை வரலாற்றுச் சான்று, பாடவேறுபாடு, பதிப்புரிமை.

முன்னுரை

ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையை எழுத முற்படுவோர் முதலில் தேடுவது அவர் தம்மைப் பற்றி எழுதிய குறிப்புகளையே. கடிதம், நாட்குறிப்பு, தன்வரலாறு ஆகியவை படைப்புக்கு வெளியே நின்று படைப்பை விளக்கும் சான்றுகள் என்பது பொதுவான எண்ணம். ஆனால், தம்மைப் பற்றி எழுதும்போதும் கதை சொல்லும் இயல்பை விடாத ஒருவரின் வரலாற்றை எழுதுவது எளிதன்று. ஜே. எம். பேரி அத்தகையவர்.

வளர மறுக்கும் சிறுவனை உலகுக்குத் தந்தவர் என்ற அளவிலேயே பேரி இன்று அறியப்படுகிறார். அவர் காலத்திலோ இலண்டன் அரங்கின் முன்னணி நாடகாசிரியருள் ஒருவராகவும், ஸ்காட்லாந்தின் சிற்றூர் வாழ்வைச் சித்திரித்த புனைகதை ஆசிரியராகவும் அவர் போற்றப்பட்டார். டெனிஸ் மெக்கேல் 1941இல் வெளியிட்ட விரிவான வாழ்க்கை வரலாறும், ஆண்ட்ரூ பிர்கின் 1979இல் ஆவணங்களைத் தொகுத்து எழுதிய நூலும், ஜாக்குலின் ரோஸ் 1984இல் சிறுவர் புனைகதை என்னும் கருத்தாக்கத்தையே கேள்விக்குள்ளாக்கிய ஆய்வும் பேரியைப் பற்றிய பார்வையைப் படிப்படியாக மாற்றின. இவற்றின் பின்னணியில், பேரியின் வாழ்வும் பனுவலும் ஒன்றையொன்று எவ்வாறு திருத்தி எழுதின என்பதைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெசவாளர் இல்லம்

பேரி 1860 மே 9 அன்று ஸ்காட்லாந்தின் கிரிமியூர் என்னும் சிறு நகரில் பிறந்தார். தந்தை டேவிட் பேரி கைத்தறி நெசவாளர். தாய் மார்கரெட் ஓகில்வி. பத்துக் குழந்தைகளுள் ஒன்பதாமவர் ஜேம்ஸ். தறியின் ஓசையும் சமயக் கட்டுப்பாடும் கல்வியின்மேல் பற்றும் நிறைந்த இல்லம் அது. மூத்த மகன் அலெக்சாண்டர் பட்டம் பெற்று ஆசிரியரானார். இளையோரின் கல்விக்கு அவரே துணைநின்றார்.

1867 ஜனவரியில், பதினான்காம் பிறந்தநாளை எட்டுவதற்குச் சற்று முன்னர், டேவிட் என்னும் அண்ணன் பனித்தரையில் சறுக்கு விளையாட்டின்போது நேர்ந்த விபத்தில் இறந்தார். தாயின் அன்புக்கு மிக உரியவராக இருந்தவர் அவர். அப்போது ஜேம்ஸுக்கு வயது ஆறு. தாய் நெடுநாள் படுக்கையில் கிடந்தார். இருண்ட அறைக்குள் ஜேம்ஸ் நுழைந்தபோது, வந்தது டேவிட்டோ என்னும் பொருள்படத் தாய் வினவியதாகவும், இல்லை, தான்தான் என்று சிறுவன் விடைகூறியதாகவும் பேரி பின்னாளில் எழுதினார். அண்ணனின் ஆடையை அணிந்து, அவரைப் போலவே கால்களை அகற்றி நின்று சீழ்க்கையடித்துத் தாயைத் தேற்ற முயன்றதையும் அவர் பதிவு செய்கிறார். இறந்த மகன் என்றும் சிறுவனாகவே இருப்பான் என்பதே அத்தாய்க்குக் கிடைத்த ஆறுதல்.

இச்செய்திகள் அனைத்தும் 'மார்கரெட் ஓகில்வி' என்னும் நூலிலிருந்து கிடைப்பவை. தாய் 1895இல் மறைந்த பின்னர் 1896இல் அந்நூல் வெளிவந்தது. மணமான பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயராலேயே அழைக்கும் ஊர் வழக்கை ஒட்டி நூலுக்குப் பெயரிடப்பட்டது. நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. எழுதியவர் அதற்குள் தேர்ந்த புனைகதையாளராகியிருந்தார். அந்த இருண்ட அறையில் இருந்தவர் இருவரே; ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் கதைசொல்லி. எனவே, அந்நூலை முழுமையும் உண்மை என ஏற்பதும், புனைவெனத் தள்ளுவதும் முறையாகா. தம் குழந்தைப் பருவம் எவ்வாறு நினைவுகூரப்பட வேண்டும் என்று முப்பத்தாறு வயதுப் பேரி முடிவு செய்தார் என்பதற்கு அது ஐயமற்ற சான்று. அதற்கு மேல் அது தரும் ஒவ்வொரு செய்தியையும் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே கொள்ளுதல் வேண்டும்.

அந்நூலின் மற்றொரு செய்தி இலக்கிய நோக்கில் இன்றியமையாதது. மார்கரெட் தம் எட்டாம் வயதில் தாயை இழந்தவர். அன்று முதல் வீட்டைப் பேணியும் தம்பிக்குத் தாயாக இருந்தும் வளர்ந்தவர். தாய் சொன்ன அவ்விளமைக் கதைகளைக் கேட்டே பேரி வளர்ந்தார். சிறுமியாக இருக்கும்போதே தாயாகிவிடும் வெண்டி என்னும் பாத்திரத்தின் முதல் வடிவத்தை இங்குக் காணலாம்.

இதழியலிலிருந்து அரங்கிற்கு

கிளாஸ்கோ, ஃபார்ஃபர், டம்ஃபிரீஸ் ஆகிய இடங்களில் பேரி பள்ளிக்கல்வி பெற்றார். டம்ஃபிரீஸில் மோட் பிரே என்னும் இல்லத்தின் தோட்டத்தில் நண்பர்களோடு கடற்கொள்ளையர் விளையாட்டு ஆடியதையும், பள்ளி நாடகக் குழுவுக்காக முதல் நாடகத்தை எழுதியதையும் அவருடைய அரங்க வாழ்வின் தொடக்கம் எனலாம். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1882இல் பட்டம் பெற்றார். நாட்டிங்காம் நகர நாளிதழ் ஒன்றில் தலையங்கம் எழுதும் பணி முதலில் வாய்த்தது. 1885இல் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார்.

தாய் சொன்ன ஊர்க்கதைகளே அவருக்கு முதல் மூலதனமாயின. கிரிமியூர் அவர் எழுத்தில் 'த்ரம்ஸ்' என்னும் கற்பனை ஊராயிற்று. நெய்து முடித்த துணியை அறுத்தெடுத்தபின் தறியில் எஞ்சும் நூல்முனைகளைக் குறிக்கும் நெசவுச் சொல் அது. 'ஆல்டு லிக்ட் ஐடில்ஸ்' (1888), 'எ விண்டோ இன் த்ரம்ஸ்' (1889), 'தி லிட்டில் மினிஸ்டர்' (1891) ஆகிய நூல்கள் அவருக்குப் பெரும்புகழ் தந்தன. சிற்றூர் வாழ்வை மிகையான நெகிழ்ச்சியோடு காட்டும் எழுத்து என்று இவ்வகைப் புனைகதையைப் பின்வந்த ஸ்காட்லாந்துத் திறனாய்வாளர் கடிந்துரைத்தனர். அக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. எனினும், நெகிழ்ச்சியின் அடியில் ஓடும் எள்ளலைக் கவனிக்காமல் பேரியை மதிப்பிட இயலாது.

1892இல் அரங்கேறிய 'வாக்கர், லண்டன்' வெற்றிபெற்றது. அதில் நடித்த மேரி ஆன்செலை அவர் 1894இல் மணந்தார். அத்திருமணம் 1909இல் மணமுறிவில் முடிந்தது, மக்கட்பேறு இல்லை. 1902இல் 'குவாலிட்டி ஸ்ட்ரீட்', 'தி அட்மிரபிள் கிரைட்டன்' ஆகிய இரு நாடகங்களும் இலண்டனில் அடுத்தடுத்து அரங்கேறின. பின்னதில், ஆளற்ற தீவில் கரையொதுங்கிய உயர்குடியினருக்கு அவர்தம் பணியாளரே தலைவராகிறார்; மீட்கப்பட்டு ஊர் திரும்பியதும் பழைய படிநிலை மீள்கிறது. தீவு என்பது சமூக விதிகள் தற்காலிகமாக நீங்கும் களம் என்னும் கருத்து பேரியிடம் முதிர்ந்துவிட்டதை இந்நாடகம் காட்டுகிறது. பீட்டர் பானின் தீவுக்கு இதுவே முன்னோடி.

ஐந்து சிறுவர்

1897இல் கென்சிங்டன் பூங்காவில், போர்த்தோஸ் என்னும் தம் பெரிய நாயோடு உலவச் சென்ற பேரி, செவிலியோடு வந்த ஜார்ஜ், ஜேக் என்னும் சிறுவர்களைச் சந்தித்தார். அவர்தம் தந்தை ஆர்தர் லெவெலின் டேவிஸ் வழக்கறிஞர். தாய் சில்வியா, ஓவியரும் புதின ஆசிரியருமான ஜார்ஜ் டு மோரியரின் மகள். பீட்டர் அப்போது கைக்குழந்தை. மைக்கேல் 1900இலும் நிக்கோலஸ் 1903இலும் பிறந்தனர். அச்சிறுவர்களுக்குப் பேரி சொன்ன கதைகளே பின்னர் இலக்கியமாயின.

1901 கோடையில் சர்ரேயிலுள்ள பிளாக் லேக் இல்லத்தைச் சூழ்ந்த காட்டிலும் ஏரிக்கரையிலும் சிறுவர் ஆடிய கொள்ளையர் விளையாட்டைப் பேரி ஒளிப்படங்களாக எடுத்து, 'தி பாய் காஸ்ட்அவேஸ் ஆஃப் பிளாக் லேக் ஐலண்டு' என்னும் நூலாக்கினார். இரண்டே படிகள் அச்சாயின. ஆர்தருக்குக் கொடுத்த படி தொடர்வண்டியில் தொலைந்துபோயிற்று. முன்னுரையும் இயல் தலைப்புகளும் படவிளக்கங்களும் கொண்ட இந்நூலில் கதை இல்லை. கதையை ஆடியவர் சிறுவர். அதற்குத் தலைப்பிட்டவர் பேரி. பின்னாளில் எழுந்த உரிமைச் சிக்கலின் வித்து இங்கேயே உள்ளது.

1902இல் வெளிவந்த 'தி லிட்டில் வைட் பேர்ட்' என்னும் புதினத்தின் இடைப்பகுதியில் பீட்டர் பான் முதன்முதலாகத் தோன்றினான். ஆனால், அவன் பிறந்து ஏழு நாள்களே ஆன குழந்தை. பூங்காவின் தீவில் பறவைகளோடு வாழ்பவன். கடற்கொள்ளையரும் வெண்டியும் அதில் இல்லை.

பனுவலின் பல வடிவங்கள்

1903 நவம்பரில் பேரி நாடகத்தை எழுதத் தொடங்கினார். பறக்கும் சிறுவர், செவிலியாகப் பணிபுரியும் நாய், கடிகாரத்தை விழுங்கிய முதலை, கொள்ளையர் கப்பல் ஆகியவற்றை மேடையேற்றப் பெரும்பொருள் வேண்டும். அமெரிக்க அரங்கத் தயாரிப்பாளர் சார்லஸ் ஃபிரோமன் அதை முழுமனத்தோடு ஏற்றார். பொறியமைப்புச் சிக்கலால் சில நாள்கள் தள்ளிப்போன அரங்கேற்றம் 1904 டிசம்பர் 27 அன்று இலண்டன் டியூக் ஆஃப் யார்க் அரங்கில் நடந்தது. நீனா பூசிகோ பீட்டராகவும், சில்வியாவின் உடன்பிறந்தாரான ஜெரால்டு டு மோரியர் கொள்ளையர் தலைவன் ஹூக்காகவும் சிறுவர்தம் தந்தை டார்லிங்காகவும் நடித்தனர். ஒரே நடிகர் இரு வேடமும் பூணும் மரபு அதனால் உண்டாயிற்று. டிங்கர் பெல் என்னும் தேவதைக்கு நடிகர் இல்லை. அசையும் ஒளியும் மணியோசையுமே பாத்திரமாயின. சாகும் நிலையிலுள்ள அத்தேவதையைக் கைதட்டிப் பிழைக்கச் செய்யுமாறு பீட்டர் அவையோரை வேண்டும் இடத்தில், காண்போரே நாடகத்தின் பங்காளராகின்றனர். எழுத்தாக மட்டும் நிற்கும் கதைக்கு இவ்வாய்ப்பு இல்லை.

நாடகம் ஆண்டுதோறும் மீண்டும் மேடையேறியது. ஆண்டுதோறும் பனுவலும் மாறியது. 1905இல் மாட் ஆடம்ஸ் நியூயார்க்கில் பீட்டராக நடித்தார். பூங்காப் பகுதி மட்டும் ஆர்தர் ராக்கமின் ஓவியங்களோடு 1906இல் தனிநூலாயிற்று. வளர்ந்துவிட்ட வெண்டியைப் பீட்டர் சந்திக்கும் பின்னிணைப்புக் காட்சி 1908 பிப்ரவரியில் ஒரே ஒருமுறை நடிக்கப்பட்டது. 'பீட்டர் அண்டு வெண்டி' என்னும் உரைநடை வடிவம் 1911இல் வந்தது. நாடகம் அச்சேறியதோ 1928இல். அதாவது அரங்கேற்றத்துக்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர். ஆதலால், பீட்டர் பானுக்கு மூலபாடம் எது என்னும் வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. மேடையே முதற்பனுவல், அச்சு அதன் நினைவுப்பதிவு.

1928ஆம் ஆண்டுப் பதிப்பு ஐந்து சிறுவர்க்கும் உரிமையாக்கப்பட்டது. அதன் நீண்ட உரிமையுரையில், இந்நாடகத்தைத் தாம் எழுதியதாக நினைவே இல்லை என்கிறார் பேரி. ஐவரையும் ஒன்றோடொன்று உரசியதில் எழுந்த பொறியே பீட்டர் என்றும் குறிப்பிடுகிறார். நாடகத்தைக் கண்ட சிறுவர் பறக்க முயன்று காயமுற்றதால், பறப்பதற்குத் தேவதைத் துகள் வேண்டும் என்னும் விதியைப் பின்னர்ச் சேர்த்ததாகவும் அதில் கூறுகிறார். ஆசிரியர் தம் ஆசிரியத்துவத்தைத் துறக்கும் இவ்வுரையும் தேர்ந்த புனைவே. எழுதியதை மறந்த ஆசிரியர், எதையும் மறந்துவிடும் நாயகனைப் போலவே பேசுகிறார்.

மூடிய சாளரம்

'பீட்டர் பான்' மகிழ்ச்சிக் கதை என்னும் எண்ணம் பரவலானது. பனுவலின் மையத்திலோ ஒரு மூடிய சாளரம் உள்ளது. பூங்காக் கதையில் பீட்டர் முதன்முறை வீடு திரும்பும்போது சாளரம் திறந்திருக்கிறது, தாய் உறங்குகிறாள். இன்னும் சிறிது ஆடிவிட்டு வரலாம் என்று திரும்பிச் செல்கிறான். இரண்டாம் முறை வரும்போது சாளரத்தில் இரும்புக் கம்பிகள். உள்ளே தாயின் அணைப்பில் வேறொரு குழந்தை. உரைநடைக் கதையில் இந்நிகழ்ச்சியைப் பீட்டரே கூறுகிறான். அது உண்மைதானா என்பதில் கதைசொல்லி ஐயம் கொள்கிறார். பீட்டர் அதை உண்மையென நம்புகிறான் என்று மட்டும் சொல்கிறார்.

பேரியின் இளமையோடு இதை இணைத்து நோக்குவோர், வளராத பீட்டரில் இறந்த டேவிட்டைக் காண்பர். அவ்வாறாயின், சாளரத்தின் உள்ளே அணைப்பில் இருக்கும் குழந்தை யார் என்னும் வினாவும் எழுகிறது. அண்ணனின் ஆடையணிந்து அவரது இடத்தை நிரப்ப முயன்ற ஆறு வயது ஜேம்ஸே அவ்விடத்துக்குப் பொருந்துகிறார். இறந்தவன் வெளியே நின்று, தன் இடத்தில் இருப்பவனைக் காண்கிறான். எஞ்சியிருப்பவனின் குற்றவுணர்வு இழந்தவனின் கண்வழியே எழுதப்பட்டுள்ளது. மார்கரெட் ஓகில்வி பற்றிய நூல் நேராகச் சொல்லாத ஒன்றை மிகுகற்பனைக் கதை சொல்லிவிடுகிறது. கதையின் இறுதியில் வெண்டியின் மகளுக்கு ஜேன் என்றும், அவள் மகளுக்கு மார்கரெட் என்றும் பெயர். மார்கரெட் பேரியின் தாய். தாயைப் பேணி, தாய்க்குச் சில நாள் முன்னர் மறைந்த தமக்கையின் பெயர் ஜேன் ஆன். பீட்டர் தலைமுறைதோறும் வந்து அழைத்துச் செல்வது யாரை என்பதை இப்பெயர்கள் உணர்த்துகின்றன.

இப்பனுவலின் குறைகளையும் சுட்டுதல் வேண்டும். தீவின் பழங்குடியினரை விளையாட்டுப் பொம்மைகளாகவும் கேலிக்குரியோராகவும் காட்டும் பகுதிகள் பேரரசுக் காலத்து மனப்பான்மையின் வெளிப்பாடுகள். அவற்றுக்கு வழங்கிய பெயர்களும் பேச்சும் இழிவானவை. இன்றைய அரங்கேற்றங்கள் பல அவற்றை மாற்றியோ நீக்கியோ அமைகின்றன. வெண்டிக்குத் தாய்மைப் பணி தவிர வேறு வீரம் ஒதுக்கப்படாமையும் கருதத்தக்கது.

ஒரு பெயரின் பாடவேறுபாடு

ஆர்தர் 1907இல் புற்றுநோயால் இறந்தார். சில்வியா 1910இல் மறைந்தார். பெற்றோரை இழந்த ஐவரின் வளர்ப்பையும் கல்விச்செலவையும் பேரி ஏற்றார். இதைப் பெருங்கொடையாகக் கண்டோரும் உண்டு. ஒரு குடும்பத்தைத் தமதாக்கிக்கொண்ட செயலாகக் கண்டோரும் உண்டு. இவ்விவாதத்தின் நடுவில் ஓர் ஆவணம் இருக்கிறது.

சில்வியா இறந்தபின் அவரது கையெழுத்தில் விருப்பக் குறிப்பொன்று கிடைத்தது. செவிலி மேரி ஹாட்சன் சிறுவரைத் தொடர்ந்து பேண வேண்டும் என்றும், அவருக்குத் துணையாக ஜென்னி வந்து சேர வேண்டும் என்றும் அதில் விருப்பம் தெரிவிக்கப்பட்டிருந்தது. ஜென்னி, மேரியின் உடன்பிறந்தவர். அக்குறிப்பைச் சில்வியாவின் தாய்க்காகத் தம் கையால் படியெடுத்த பேரி, ஜென்னி என்னுமிடத்தில் ஜிம்மி என்று எழுதினார். ஜிம்மி என்பது பேரியையே குறிக்கும் பெயர். இவ்வேறுபாட்டை ஆண்ட்ரூ பிர்கினின் ஆய்வு வெளிக்கொணர்ந்தது.

ஏடு பெயர்த்தெழுதுவோரின் கையில் சொற்கள் மாறுவதைச் சுவடிப்பதிப்பில் பழகியோர் அறிவர். எழுத்து மயக்கத்தால் நேரும் பிழையும் உண்டு. எழுதுவோரின் விருப்பம் கண்ணை மறைப்பதால் நேரும் பிழையும் உண்டு. வேண்டுமென்றே செய்யும் மாற்றமும் உண்டு. ஆங்கிலக் கையெழுத்தில் இவ்விரு பெயர்களின் வடிவமும் நெருங்கியவை. ஆதலின், இங்கு நேர்ந்தது எவ்வகை என்று அறுதியிட இயலாது. சிறுவர்க்குப் பாதுகாவலராகச் சில்வியா கருதியோருள் பேரியும் ஒருவர் என்பதும் மறத்தலாகாது. எனினும், பலருள் ஒருவராக இருப்பதற்கும் வீட்டினுள் செவிலியோடு இணைந்து நிற்பதற்கும் வேறுபாடு உண்டு. படியெடுத்தவரே அப்படியால் பயன்பெற்றவர். பேரியின் வரலாற்றில் சான்றும் கதையும் பிரிக்கவொண்ணாதவாறு பின்னிக்கிடப்பதற்கு இந்த ஒரு பெயர் போதிய எடுத்துக்காட்டாகும்.

சிறுவரிடம் பேரி கொண்ட அன்பின் இயல்பு பற்றிப் பிற்காலத்தில் ஐயங்கள் எழுப்பப்பட்டன. ஐவருள் இளையவரும் நெடுநாள் வாழ்ந்தவருமான நிக்கோலஸ் அவ்வையங்களை உறுதியாக மறுத்தார். மைக்கேலுக்கும் பேரிக்கும் இடையிலான கடிதங்களின் பெரும்பகுதியைப் பீட்டர் பின்னாளில் எரித்துவிட்டார். இல்லாத சான்றைக் கொண்டு எப்பக்கமும் முடிவுகட்டுவது ஆய்வுநெறி ஆகாது.

இழப்புகளும் பிற்கால நாடகங்களும்

புகழும் பட்டங்களும் தொடர்ந்து வந்தன. 1913இல் பேரனட் பட்டமும், 1922இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் உயர் விருதும் பெற்றார். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் ரெக்டராகவும், 1930 முதல் எடின்பரோ பல்கலைக்கழக வேந்தராகவும் விளங்கினார். துருவப் பயணி ராபர்ட் ஸ்காட் தம் இறுதிக் கடிதங்களுள் ஒன்றைப் பேரிக்கே எழுதி, மனைவியையும் மகனையும் அவரிடம் ஒப்படைத்தார்.

இழப்புகளும் உடன் வந்தன. 1915 மார்ச்சில் ஜார்ஜ் ஃபிளாண்டர்ஸ் போர்க்களத்தில் மாண்டார். அதே ஆண்டு மே மாதம் லூசிடானியா கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது ஃபிரோமன் இறந்தார். 1921 மே மாதம் மைக்கேல் ஆக்ஸ்ஃபோர்டு அருகே நண்பர் ஒருவரோடு நீரில் மூழ்கி இறந்தார். இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருந்தன. பேரி அதன்பின் முன்போல் மீளவே இல்லை.

'டியர் புரூட்டஸ்' (1917) நாடகத்தில் மந்திரக் காட்டினுள் நுழையும் மகப்பேறற்ற ஓவியன் ஒருவனுக்கு மகள் வாய்க்கிறாள். காட்டைவிட்டு நீங்கியதும் அவள் இல்லாமற்போகிறாள். அவள் பெயரும் மார்கரெட். 'மேரி ரோஸ்' (1920) நாடகத்தில் தீவொன்றில் மறைந்த இளந்தாய் பல்லாண்டு கழித்து வயது ஏறாமல் திரும்புகிறாள். அவள் தேடும் குழந்தையோ வளர்ந்த ஆடவனாகிவிட்டான். பீட்டர் பானில் வளராத மகன் வெளியே நின்றான். இங்கு வளராத தாய் வெளியே நிற்கிறாள். வளராமை இந்நாடகத்தில் வரமன்று, தண்டனை. சிறுவர்க்கான மிகுகற்பனையில் மறைந்திருந்த துயரம் முதியோர்க்கான நாடகத்தில் திரைவிலகித் தோன்றுகிறது. வலக்கை வலியுற்றதால் பேரி இடக்கையால் எழுதப் பழகிய காலமும் இதுவே.

தம் பெயர் கதைநாயகனுக்கு அமைந்ததைப் பீட்டர் லெவெலின் டேவிஸ் வாழ்நாள் முழுதும் சுமையாகவே உணர்ந்தார். போரின் கொடுமையைக் கண்டு மீண்டு பதிப்பாளரானவர் அவர். 1960இல் அவர் இறந்தபோது செய்தித்தாள்கள் அவரைப் பீட்டர் பான் என்றே குறித்தன. கதையின் உரிமை ஆசிரியருடையதா, ஆடிய சிறுவருடையதா என்னும் வினாவுக்கு அவர் வாழ்வு கசப்பான விடையாக நிற்கிறது.

உரிமையும் கொடையும்

1929இல் இலண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை தன் விரிவாக்கத்துக்கு நிதி திரட்டும் குழுவில் சேருமாறு பேரியை வேண்டியது. குழுவில் சேர மறுத்த அவர், 'பீட்டர் பான்' உரிமைகளை அம்மருத்துவமனைக்கே வழங்கிவிட்டார். அதனால் கிடைக்கும் தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படலாகாது என்பது அவர் விருப்பம்.

1937 ஜூன் 19 அன்று பேரி இறந்தார். உடல் கிரிமியூருக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பெற்றோரின் அருகே அடக்கம் செய்யப்பட்டது. ஆசிரியர் இறந்து ஐம்பது ஆண்டுகள் என்னும் அன்றைய வரம்பின்படி 1987 இறுதியில் பதிப்புரிமை முடிவுற்றது. முன்னாள் தலைமையமைச்சர் காலகன் பிரபுக்கள் அவையில் கொண்டுவந்த திருத்தத்தால், 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இந்நாடகத்தின் உரிமத்தொகையைப் பிரிட்டனுக்குள் காலவரையின்றி அம்மருத்துவமனைக்கு உரியதாக்கியது. இது முழுப் பதிப்புரிமையன்று. பனுவலை எவ்வாறு கையாள வேண்டும் என்று தடுக்கும் அதிகாரமும் இதில் இல்லை. பயன்தொகை பெறும் உரிமை மட்டுமே உண்டு. ஆசிரியர் ஒருவரின் படைப்புக்கு முடிவில்லாக் காலத்தைச் சட்டம் வழங்கியது, முதுமையே அறியாத சிறுவனின் கதைக்கு என்பது கருதத்தக்கது.

முடிவுரை

பேரியின் வாழ்க்கையை அறியப் பேரியையே நாட வேண்டியுள்ளது. அவர் தரும் சான்றுகளோ கதையின் ஒழுங்கைப் பெற்றவை. தாயின் இருண்ட அறையும், ஜிம்மி என்னும் பெயரும், எழுதியதை மறந்ததாகக் கூறும் உரிமையுரையும் ஒரே இயல்பின் மூன்று வெளிப்பாடுகள். தமக்குரிய இடம் வேறொருவருடையது என்னும் உணர்வும், அவ்விடத்தை எவ்வாறேனும் அடைய வேண்டும் என்னும் வேட்கையும் அவற்றுள் காணப்படுகின்றன. அவ்வுணர்வு வாழ்வில் ஐந்து சிறுவரின் இல்லத்துள் அவரைச் செலுத்தியது. இலக்கியத்தில் மூடிய சாளரத்தின் முன் ஒரு சிறுவனை நிறுத்தியது. முன்னதன் அறத்தைப் பற்றி ஆய்வாளர் தொடர்ந்து வழக்காடலாம். பின்னதன் ஆற்றல் ஐயத்துக்கு இடமற்றது.

சிறுவர் இலக்கியத்தைப் படைப்பவர் பெரியவரே; அதில் அவர் எழுதுவது சிறுவரின் விருப்பத்தையா, தம் இழப்பையா என்னும் வினாவைப் பேரியின் பனுவல்கள் கூர்மையாக எழுப்புகின்றன. அவ்வினாவுக்கு விடைகாண அவருடைய தன்வரலாற்றுக் குறிப்புகளைவிட அவர் புனைந்த கதைகளும் நாடகங்களுமே நம்பத்தக்க சான்றுகளாக அமைகின்றன. அவை தம்மைக் கதையென்றே கூறிக்கொள்கின்றன.